பிபிஎஸ் படுத்துவிட்டால்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தெரிந்தவர்கள் சிலர் இன்னும் பிபிஎஸ் நடத்துகிறார்கள், அதாவது டெர்மினல் வழியாக நுழைந்து மெசேஜ் எழுதி விளையாடும் பழைய பாணி மின் அறிவிப்புப் பலகை. பாயான் லெப்பாஸில் ஒருவர் ராஸ்பெரி பையில், செந்தூலில் ஒருவர் ஆபீஸில் கழித்துவிட்ட டெஸ்க்டாப்பில், வேறு சிலர் மாத வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில் (விபிஎஸ்). மென்பொருள் பெரும்பாலும் சிங்க்ரோநெட். அடியில் டெபியன் அல்லது உபுண்டு, ஓரிடத்தில் ஃப்ரீபிஎஸ்டி. "அண்ணே, பலகை போச்சு" என்று போன் வந்தால், பார்க்கப் போவது பெரும்பாலும் அதே பழைய கோளாறாகத்தான் இருக்கும். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். மிஸ்டிக், எனிக்மா போன்ற வேறு பிபிஎஸ் மென்பொருள் நடத்துகிறவர்களுக்குக் கோப்புப் பெயர்கள் மாறும், பார்க்கும் வரிசை மாறாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு விஷயம். ஒன்று, கோளாறு ஒருவருக்கா, எல்லாருக்குமா என்று கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் சர்வரில் கை வைக்கவே வேண்டாம். இரண்டு, லாக்கைப் படியுங்கள். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கும் நிரல்) வழியாக ஓடுகிறது என்றால் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் அந்த சர்வீஸின் பெயரைக் கொடுத்துக் கடைசி நூறு வரியைப் பாருங்கள். அதற்கு முன் அமைப்பை மாற்றுகிறவர்கள், முதல் கோளாறோடு இரண்டாவதையும் சேர்த்துக் கொள்கிறார்கள்.

அறிகுறி 1: சர்வர் தொடங்கவே இல்லை

*கையால் ஓட்டினால் ஓடுகிறது, மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் வரவில்லை*

சிங்க்ரோநெட்டுக்குத் தன் கன்ட்ரோல் ஃபோல்டர் எங்கே என்று சொல்லும் சூழல் மாறி வேண்டும். அதன் பெயர் எஸ்பிபிஎஸ்சிடிஆர்எல். இதைப் பலரும் தங்கள் பாஷ் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. சர்வீஸ் கோப்பிலேயே என்விரான்மென்ட் வரியாகச் சேர்த்து, டீமன்-ரீலோட் கொடுத்துத் தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? யாராவது ஒரு தடவை ரூட்டாக இருந்து ஓட்டியிருப்பார்கள். அப்போது உருவான கோப்புகள் ரூட்டின் பெயரில் நிற்கும், சாதாரண பயனராக ஓடும் சர்வரால் அவற்றில் எழுத முடியாது. டேட்டா, கன்ட்ரோல், நோட் ஃபோல்டர்களில் எல்எஸ் போட்டு உரிமையாளர் பெயரைப் பாருங்கள். சிஹெச்ஓன் கொண்டு மாற்றிவிடலாம். ஆனால் அடுத்த கோளாறைப் படித்த பிறகு மாற்றுங்கள்.

*போர்ட் 23-ஐத் திறக்க அனுமதி இல்லை என்கிறது*

1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை லினக்ஸில் சாதாரண பயனர் திறக்க முடியாது. டெல்நெட் 23, எஸ்எஸ்ஹெச் 22, ஆர்லாகின் 513, என்என்டிபி 119 எல்லாம் அதில் அடக்கம். செட்கேப் கட்டளையால் அந்த நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருப்பீர்கள். நேற்றுவரை ஓடியது, இன்று இல்லை என்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே மென்பொருளை மறுபடி கம்பைல் செய்தீர்களா என்று யோசியுங்கள். அந்த அனுமதி கோப்போடு ஒட்டியது. புதிய கோப்பு வந்தால் அது போய்விடும். சிஹெச்ஓன் செய்தாலும் போய்விடும். அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் உரிமையாளரை மாற்றுங்கள், அப்புறம் செட்கேப்.

ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய அலுப்பாக இருந்தால் சர்வீஸ் கோப்பில் ஆம்பியன்ட் கேப்பபிலிட்டீஸ் வரியில் நெட் பைண்ட் சர்வீஸ் அனுமதியைக் கொடுத்துவிடுங்கள். எத்தனை தடவை கம்பைல் செய்தாலும் நிற்கும். நான் பார்த்துக் கொள்ளும் எல்லா மெஷின்களிலும் இப்போது இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

*அந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது*

எஸ்எஸ் கட்டளையை டி, எல், என், பி என்ற நான்கு தெரிவுகளோடு ரூட்டாக ஓட்டுங்கள். எந்தப் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று வரும். ஃப்ரீபிஎஸ்டியில் சாக்ஸ்டாட். பெரும்பாலும் 22-ஐ ஓபன்எஸ்எஸ்ஹெச், 25-ஐ எக்ஸிம் அல்லது போஸ்ட்ஃபிக்ஸ், 80-ஐ அப்பாச்சி பிடித்திருக்கும். உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்ஹெச் சாக்கெட் வழியாகத் தொடங்குவதால் 22-க்கு எதிரே சிஸ்டம்டியின் பெயர் வந்து குழப்பும். அதுவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்தான். நிர்வாகத்துக்கான எஸ்எஸ்ஹெச்சை நகர்த்தாமல் பிபிஎஸ்ஸின் எஸ்எஸ்ஹெச்சை 2222 போன்ற போர்ட்டுக்கு மாற்றுங்கள். தூரத்தில் இருக்கும் மெஷினில் நிர்வாகக் கதவை நகர்த்தப் போய், நீங்களே வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாது.

*செக்மென்டேஷன் ஃபால்ட் என்று சொல்லி நிரல் விழுகிறது*

ஓஎஸ்ஸை மேம்படுத்திய மறுநாள் வந்தால், எல்டிடி கட்டளையை நிரலின் மேல் ஓட்டி 'நாட் ஃபவுண்ட்' என்று ஏதாவது லைப்ரரி வருகிறதா பாருங்கள். வந்தால் மறுபடி கம்பைல் செய்யுங்கள். நிரலைப் புதுப்பித்துவிட்டு எக்ஸெக் ஃபோல்டரில் உள்ள ஸ்கிரிப்டுகளைப் பழையதாகவே விட்டிருந்தாலும் பல விபரீதங்கள் வரும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் விழுகிறது என்றால் அது உங்கள் வேலை இல்லை. கோர் டம்ப்பை (விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) எடுத்து, பதிப்பு எண்ணோடு மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 2: வீட்டுக்குள் கிடைக்கிறது, வெளியிலிருந்து கிடைக்கவில்லை

முதலில் சோதிக்கும் முறையைச் சரிபாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு உங்கள் பொது ஐபி முகவரிக்கு அழைத்தால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடாது. கோளாறே இல்லாமல் கோளாறு தெரியும். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து அழைத்துப் பாருங்கள்.

அதிலும் கிடைக்கவில்லை என்றால்:

சர்வரின் உள் முகவரி மாறிவிட்டதா? ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது சர்வருக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். போர்ட் ஃபார்வர்டு பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் சர்வருக்கு நிரந்தர முகவரி ஒதுக்குங்கள்.

சர்வரில் யூஎஃப்டபிள்யூ, என்எஃப்டேபிள்ஸ் போன்ற ஃபயர்வால் அந்தப் போர்ட்டை மறிக்கிறதா? விபிஎஸ் என்றால் வாடகைக்குக் கொடுத்தவரின் கன்ட்ரோல் பேனலில் இன்னொரு ஃபயர்வால் இருக்கும், அதையும் பாருங்கள்.

டைனமிக் டிஎன்எஸ் பெயர் பழைய ஐபியைக் காட்டுகிறதா? டிக் கட்டளையில் வரும் எண்ணையும் ரவுட்டர் காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

கடைசியாக, ரவுட்டரின் வேன் முகவரியை, அதாவது இன்டர்நெட் பக்கத்து முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். உங்கள் பொது ஐபியை இன்னும் பல வீடுகளோடு பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். ரவுட்டரில் எதைத் திருகினாலும் பயன் இல்லை, அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்டர்நெட் நிறுவனத்தை அழைத்துப் பொது ஐபி கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் சின்ன விபிஎஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்டு விபிஎன் சுரங்கம் போடலாம். அது மாதாமாதம் காசு கேட்கும் வழி, அதனால்தான் கடைசியில் சொல்கிறேன். போர்ட் ஃபார்வர்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் போராடிய பிறகு இந்த எண்ணைப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். உங்கள் பகுதியில் சிஜிநாட் வழக்கம் என்று தெரிந்தால் இந்தச் சோதனையை முதலிலேயே செய்யுங்கள்.

அறிகுறி 3: வருகிறவரை எல்லாம் சர்வரே தடை செய்கிறது

இது பெரும்பாலும் மேலே சொன்ன சுரங்கம் போட்ட மறுவாரம் வரும். சுரங்கத்தின் அந்தப் பக்கத்தில் முகவரியை மாற்றி அனுப்பினால், சர்வருக்கு எல்லா அழைப்பும் ஒரே ஐபியிலிருந்து வருவதாகத் தெரியும். ரிவர்ஸ் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் என்றால் எல்லாரும் 127.0.0.1-இலிருந்து வருவார்கள். எங்கிருந்தோ ஒரு பாட் (தானியங்கி நிரல்) பாஸ்வேர்டு அடித்துத் தோற்கும். தடை அந்த ஒரு முகவரிக்கு விழும். எல்லாரும் வெளியே.

டெக்ஸ்ட் ஃபோல்டரில் உள்ள ஐபி.கேன் கோப்பைத் திறந்து, உங்கள் சுரங்கத்தின் முகவரியோ உள்நெட்வொர்க் முகவரியோ இருந்தால் அந்த வரியை நீக்குங்கள். தற்காலிகத் தடை நினைவகத்தில் இருப்பது, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். நிரந்தரத் தீர்வு, அழைப்பவரின் உண்மையான முகவரியே வந்துசேரும்படி சுரங்கத்தின் ரூட்டிங்கை அமைப்பது. ரூட்டிங் பழக்கம் இல்லாதவர்கள் நெட்வொர்க் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். இதில் தவறாகக் கை வைத்தால் வீட்டு இன்டர்நெட்டே போய்விடும்.

அறிகுறி 4: யாருமே இல்லை, ஆனால் எல்லா நோடும் பிஸி

நோடு என்பது ஒரு பயனர் அமரும் இணைப்பு இடம். சிங்க்ரோநெட்டின் கண்காணிப்பு நிரலான யூமானிட்டரைத் திறந்து பாருங்கள். நோடுகள் லாகின் திரையில் நிற்கின்றனவா, பெயர் உள்ள பயனரோடு நிற்கின்றனவா?

லாகின் திரையில் நின்றால் அவை பாட்டுகள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் கிளம்பியதிலிருந்து டெல்நெட் போர்ட்டைத் தட்டாத நேரமே இல்லை. 2323-க்கு மாறினால் தப்பலாம் என்று பலர் சொல்வார்கள். மிராய் 2323-ஐயும் தட்டும். வேறு ஏதாவது எண் வைத்தால் கூட்டம் குறையும், நிற்காது. ஒரே முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் வரக்கூடிய இணைப்புகளுக்கு வரம்பு வையுங்கள், லாகின் செய்யாமல் நிற்பவரைத் துண்டிக்கும் நேரத்தைக் குறையுங்கள். இந்த இரண்டே போதும். நோடு எண்ணிக்கையைக் கூட்டுவது தீர்வு ஆகாது, பாட்டுகளுக்கு இன்னும் நாற்காலி போடுவதுதான் அது.

பெயர் உள்ள பயனர் நின்றால் அவர் எல்ஆர்டி ரயிலில் போகும்போது சிக்னல் அறுந்திருக்கும். இணைப்பு அறுந்தது சர்வருக்குத் தெரியாது. லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் இயல்பாக 7200 வினாடி காத்திருக்கும், அதாவது இரண்டு மணி நேரம். அதைச் சில நிமிடங்களாகக் குறைத்து வையுங்கள். இப்போதைக்கு யூமானிட்டரில் அந்த நோடை இறக்கிவிட்டால் போதும்.

அறிகுறி 5: மெசேஜ்கள் காணவில்லை, அல்லது மெசேஜ் பேஸ் திறக்கவில்லை

இங்கே அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் திரும்ப நிறுவிக் கொள்ளலாம். மக்கள் எழுதியது போனால் போனதுதான். காலமாகிவிட்டவர்கள் எழுதிய மெசேஜ்கள்கூட சில பலகைகளில் இருக்கின்றன.

*முதலில்:* சர்வரை நிறுத்துங்கள். டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். கெட்டுப்போன கோப்புகளையும் சேர்த்து. அதற்கு முன் ஒரு பழுது கட்டளைகூட ஓட்ட வேண்டாம்.

*டிஸ்க் நிரம்பியதா?* டிஎஃப் கட்டளையை 'எச்' தெரிவோடு ஒரு தடவை, 'ஐ' தெரிவோடு ஒரு தடவை ஓட்டுங்கள். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடம் பாதி காலியாக இருந்தும் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடங்கள்) தீர்ந்துபோனால் புதுக் கோப்பு எதையும் உருவாக்க முடியாது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் சேரும் பலகைகளில் இது நடக்கும். பழைய லாக்குகளையும் தேங்கிய பாக்கெட்டுகளையும் அள்ளி எறிந்தால் சரியாகிவிடும்.

*பூட்டு விடவில்லையா?* பேஸைப் பூட்ட முடியவில்லை என்று லாக் சொன்னால், பராமரிப்பு நடக்கும்போது மின்சாரம் போயிருக்கலாம். சர்வரும் மெயில் டாஸரும் (வந்த மெயிலைப் பேஸில் பிரித்துப் போடும் நிரல்) ஓடவில்லை என்று பிஎஸ் கட்டளையில் உறுதி செய்த பிறகு, சிங்க்ரோநெட்டின் எஸ்எம்பியூடில் கொண்டு பூட்டை விடுவியுங்கள். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால், டேட்டா ஃபோல்டரை நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியில் வைத்திருக்கிறீர்களா? நெட்வொர்க் ஃபோல்டரில் கோப்புப் பூட்டுகளை நம்ப முடியாது. மெசேஜ் பேஸ் சர்வரின் சொந்த டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். நாஸ் பேக்கப்புக்கு.

*உள்ளடக்கம் குலைந்ததா?* செக்எஸ்எம்பி ஓட்டுங்கள். அது எதையும் மாற்றாது, பார்த்துச் சொல்லும். பிறகு அது குறை சொன்ன பேஸின் மூன்று கோப்புகளையும் பாருங்கள். எஸ்ஐடி என்று முடிவது இன்டெக்ஸ், எஸ்எச்டி என்று முடிவது ஹெட்டர், எஸ்டிடி என்று முடிவது மெசேஜின் உரை. இன்டெக்ஸ் மட்டும் கெட்டிருந்தால் கவலையே இல்லை, ஃபிக்ஸ்எஸ்எம்பி அதை ஹெட்டரிலிருந்து திரும்பக் கட்டிவிடும். ஹெட்டர் கோப்பே பூஜ்யம் பைட்டாக நின்றால் ஃபிக்ஸ்எஸ்எம்பி ஓட்டாதீர்கள். பேக்கப்பிலிருந்து திருப்புங்கள். பேக்கப்பும் இல்லை என்றால், எஸ்டிடி கோப்பை ஸ்ட்ரிங்ஸ் கட்டளையில் விட்டால் ஆங்கில மெசேஜ்களின் உரையாவது கிடைக்கும். யூடிஎஃப்-8 தமிழ் அந்தக் கட்டளையின் இயல்பு நிலையில் விடுபட்டுப் போகும், அதற்குக் கோப்பை யூடிஎஃப்-8 தெரிந்த எடிட்டரில் திறந்து பார்க்க வேண்டும்.

*அடிக்கடி கெடுகிறதா?* அப்படியானால் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். டிமெசேஜ் கட்டளையில் ஐ/ஓ பிழை வருகிறதா பாருங்கள். ராஸ்பெரி பையில் விசிஜென்சிஎம்டி கட்டளையிடம் த்ராட்டில் நிலையைக் கேளுங்கள். பதில் 0எக்ஸ்0 என்றால் நல்லது. 0எக்ஸ்50000 என்று வந்தால், எப்போதோ மின்னழுத்தம் குறைந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. போன் சார்ஜரைக் கழற்றிவிட்டு அந்த மாடலுக்கு உரிய அடாப்டரை மாட்டுங்கள். எஸ்டி கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது அடுத்த செலவு, அதற்கடுத்தது யூபிஎஸ். மாலை தவறாமல் இடி இடிக்கும் ஊரில் யூபிஎஸ்ஸை ஆடம்பரம் என்று நான் நினைப்பதில்லை.

*எப்போது நிபுணர்:* டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாலோ, டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ஒதுக்கிய செக்டர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினாலோ மெஷினை அணைத்துவிடுங்கள். கோப்பு அமைப்பைப் பழுது பார்க்கும் எஃப்எஸ்செக் ஓட்டி அதை மேலும் வதைக்க வேண்டாம். டேட்டா மீட்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். இடி மழைக்குப் பிறகு ரவுட்டர், மோடம் என்று ஒவ்வொன்றாகப் போகிறது என்றால் வீட்டின் எர்த்தைச் சோதிக்க வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற வயர்மேன்தான், தெரிந்த பையன் போதாது.

அறிகுறி 6: திரையில் எழுத்துகள் கோணலாக வருகின்றன

*கட்டக் கோடுகள் எழுத்துகளாகத் தெரிகின்றன.* பலகைத் திரையில் வரும் ஆன்சி ஓவியங்கள் சிபி437 என்ற பழைய டாஸ் குறியாக்கத்தில் இருப்பவை. வருகிறவர் சாதாரண லினக்ஸ் டெர்மினலிலிருந்து டெல்நெட் செய்தால் அப்படித்தான் தெரியும். பிபிஎஸ்ஸுக்கான சிங்க்டெர்ம் கிளையன்டைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். சர்வரில் எதுவும் மாற்ற வேண்டாம்.

*தமிழ் மெசேஜ் முழுக்க ஒரே மாதிரிக் குப்பையாக வருகிறது.* குப்பையை உற்றுப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லும். கிரேக்க ஆல்ஃபா எழுத்தும் இரட்டைக் கோணக் குறியும் மாறி மாறி வந்தால், அது நல்ல யூடிஎஃப்-8 தமிழ்தான், சிபி437 கிளையன்ட் அதைத் தவறாகக் காட்டுகிறது. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் ஒன்றே. அதனால்தான் அந்த ஆல்ஃபா திரும்பத் திரும்ப வருகிறது. மெசேஜ் பத்திரமாக இருக்கிறது, திருத்த முயன்று கெடுக்காதீர்கள்.

*வரி முடிவில் மட்டும் ஓர் எழுத்து உடைகிறது.* பழைய எடிட்டர் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி வரியை மடக்குகிறது. மூன்று பைட் எழுத்து நடுவில் அறுபடுகிறது. யூடிஎஃப்-8 தெரிந்த எடிட்டரை அந்தப் பயனருக்கு மாற்றிக் கொடுங்கள்.

*தொண்ணூறுகளின் பழைய தமிழ் மெசேஜ்கள் மட்டும் படிக்க முடியவில்லை.* நம் நாட்டிலிருந்து கிளம்பிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களின் காலத்தில் தட்டியவை அவை. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். லினக்ஸின் ஜிலிப்சியில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும், யூடிஎஃப்-8-க்கு மாற்றித் தரும். மாற்றியதை ஒரு நகலில் சோதித்துவிட்டுத்தான் பேஸில் ஏற்ற வேண்டும்.

தமிழில் எழுதுகிற கூட்டம் உள்ள பலகை என்றால் என் யோசனை ஒன்று. டெர்மினலில் ஒகரக் கொம்புகளைச் சரியாக நிறுத்தப் போராடுவதைவிட, சிங்க்ரோநெட்டின் என்என்டிபி (நியூஸ்குரூப்) சர்வரைத் திறந்துவிட்டு, தண்டர்பேர்டு மெயில் நிரலில் படிக்கச் சொல்லுங்கள். அதே மெசேஜ்கள், அழகான தமிழில் வரும்.

அறிகுறி 7: டோர் கேம் திறந்த உடனே மூடிக்கொள்கிறது

டோர் கேம் என்பது பலகைக்குள்ளிருந்து திறக்கும் தனி விளையாட்டு நிரல். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை முதலில் பாருங்கள். டாஸில் டோர்.சிஸ் (பயனர் விவரத்தை விளையாட்டுக்குக் கொடுக்கும் கோப்பு) எப்படி எழுதினாலும் ஒன்றே, யூனிக்ஸில் பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் இன்னொன்று. பிறகு இயக்கும் அனுமதி. ஸ்கிரிப்ட் விண்டோஸில் எழுதியது என்றால் வரி முடிவில் ஒட்டியிருக்கும் கேரேஜ் ரிட்டர்னை நீக்குங்கள்.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறதா? அது 32 பிட் நிரல். 64 பிட் மெஷினில் அதற்கான லோடர் இல்லை. டெபியனில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து அதன் லிப்சியை நிறுவினால் ஓடும்.

லார்ட், டிரேட்வார்ஸ் போன்ற டாஸ் விளையாட்டுகளுக்கு, லினக்ஸில் டாஸை ஓட்டும் டாஸ்எமு2 வேண்டும். கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) அனுமதி இல்லாவிட்டால் மெதுவாக ஊரும் அல்லது விழும், சர்வரின் பயனரைக் கேவிஎம் குழுவில் சேருங்கள். ஒருவர் விளையாடினாலே சிபியு நூறு சதவீதம் போகிறது என்றால் டாஸ்எமுவின் ஹாக் த்ரெஷோல்ட் அமைப்பைச் சோதியுங்கள். டாஸ் விளையாட்டுகள் சும்மா இருக்கும்போதும் விசையைக் கேட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி 8: நேரம் தவறு

சரியாக எட்டு மணி நேரம் பின்தங்கினால், கன்டெய்னர் யூடிசியில் ஓடுகிறது. நேர மண்டலத்தை ஏசியா/கோலாலம்பூர் என்று வையுங்கள், சிங்க்ரோநெட்டின் அமைப்பு நிரலான எஸ்சிஎஃப்ஜியிலும் தனியாகப் பாருங்கள். மெசேஜில் 1970 ஜனவரி 1, காலை 7:30 என்று வந்தால் அது நேர மண்டலக் கோளாறு இல்லை. அந்த நேரப் புலம் காலியாக, பூஜ்யமாக இருக்கிறது. 1982-க்கு முன் இங்கே ஏழரை மணி நேர வித்தியாசம் என்பதால் பூஜ்யம் அப்படித் தெரிகிறது. மெசேஜைக் கொண்டுவந்த இறக்குமதி நிரலைச் சோதியுங்கள்.

அறிகுறி 9: ஃபைடோநெட் மெயில் ஒரு லிங்க்குக்கு மட்டும் போகவில்லை

ஃபைடோநெட் என்பது பலகைகள் தங்களுக்குள் மெயில் மாற்றிக்கொள்ளும் வலை, லிங்க் என்பது நேராக மாற்றிக்கொள்ளும் இன்னொரு பலகை. அவுட்பவுண்ட் ஃபோல்டரில் அந்த லிங்க்கின் பெயரில் பிஎஸ்ஒய் கோப்பு பழைய தேதியில் கிடக்கிறதா பாருங்கள். மெயிலர் நடுவில் விழுந்தால் விட்டுப்போகும் பூட்டு அது. மெயிலர் ஓடாத நேரத்தில் அழித்தால் தேங்கியது எல்லாம் கிளம்பிவிடும். இல்லை என்றால் ஃபைடோநெட் மெயில் போகும் பிங்க்பி போர்ட் 24554 திறந்திருக்கிறதா, செஷன் பாஸ்வேர்டு இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். அதற்கு மேல் உங்கள் பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து சிஸாப்புக்கு (பலகை நடத்துகிறவருக்கு) எழுதி, அவருடைய லாக்கில் உங்கள் நோடு எண்ணுக்கு எதிரே என்ன வருகிறது என்று கேளுங்கள்.